பகலில் தூங்குகிறவர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர்

ரேடியோ கடை அண்ணாச்சி, நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள். தெரியாமல் சொன்னதல்ல. தெரிந்தே சொன்னீர்கள்.

எண்பதுகளின் நடுவில் தென்காசியில், பல குடித்தனங்கள் சேர்ந்த ஒரு வளவு வீட்டில் குடியிருந்தோம். ஒரே அறை, பின்னால் அடுப்படி. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ராத்திரி செங்கோட்டை வழியாக மலையேறி கொல்லம் போய்விட்டு, விடிந்த பிறகு வருவார். குளித்துச் சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் வரை தூங்குவார். அந்தத் தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். ஆரியங்காவு வளைவில் டிரைவர் கண் அசந்தால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் போக வேண்டியதுதான்.

நான் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்தேன். பம்பாயில் வேலை பார்த்த என் தம்பி கம்ப்யூட்டர் போர்டு ஒன்று வாங்கித் தருவதாக எழுதினான். எனக்குப் புரோகிராம் எழுத ஆசை. அதனால் என்ன பிரயோஜனம் என்று வளவில் எல்லோரும் கேட்டார்கள். பிடித்திருக்கிறது என்றேன். அதற்கு மேல் காரணம் எதற்கு?

கீபோர்டு இரண்டு வகை இருக்கிறது என்று தம்பி எழுதியிருந்தான். டைப்ரைட்டர் மாதிரி தட்டுவது ஒன்று, ரப்பர் பட்டன் ஒன்று. தட்டுவதுதான் விரலுக்குச் சுகமாம். என் விரல் சுகத்துக்கு ஒரு டிரைவரின் தூக்கத்தைக் கெடுக்க முடியாது. ரப்பரை அனுப்பு என்றேன். புரோகிராமைப் பதிந்து வைக்க டேப்ரெக்கார்டர். அது கீச்சிடும், ஆனால் இயர்போன் ஓட்டையில் ஒயரைச் செருகினால் வாயை மூடிக்கொள்ளும். திரைக்கு, காரில் வைத்துப் பார்க்கிற மாதிரி சின்னக் கறுப்பு வெள்ளை டிவி. பாக்கி இருந்தது கரண்டுக்கான சாமான். அதற்குத்தான் உங்கள் கடைக்கு வந்தேன்.

வந்ததும் முதலில் சொன்னேன். "அண்ணாச்சி, சத்தமே இருக்கக் கூடாது. அவுக பகல்லதான் தூங்குதாக. ராத்திரி மலையில வண்டி ஓட்டணும்."

நீங்கள் சிரித்தீர்கள். "கம்ப்யூட்டர் என்ன கைப்பிள்ளையா தங்கச்சி, தட்டித் தூங்க வைக்க? சத்தம் போடத்தான் செய்யும். ஸ்டெபிலைசர் வேணும், டிரான்ஸ்பார்மர் வேணும், சூடு தணிய ஃபேன் வேணும்."

"வேற வழியே இல்லியா?"

"இருந்தா சொல்ல மாட்டனா? மாப்பிள்ளைய காதுல பஞ்சு வச்சிக்கிடச் சொல்லு."

கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஃபேன் கரகரவென்று ஓடியது. அதை நிறுத்தினால், போர்டில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கிற ரெகுலேட்டர் தொட முடியாமல் கொதித்து, திரையில் எழுத்தெல்லாம் சிதறியது. டிரான்ஸ்பார்மர் உறுமியது. அதன் அடியில் சாக்கை மடித்துப் போட்டதும் அடங்கியது. ஸ்டெபிலைசரை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. குற்றாலத்தில் சீசன். லாட்ஜெல்லாம் நிறைந்துவிட்டால் எங்கள் தெருவில் வோல்டேஜ் ஏறும், இறங்கும். ஏறினால் ஒரு டக். இறங்கினால் ஒரு டக்.

ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டதும், தூங்கிக்கொண்டிருந்தவரின் வலது கால் பாய்ந்து சுவரில் மோதியது. கனவு என்று நினைத்தேன். மறுபடி டக். மறுபடி கால். கட்டைவிரலில் ரத்தம். எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"யாரை உதைக்கீக?"

"உதைக்கல. பிரேக் போட்டேன்." இன்னும் முழுசாக விழிக்கவில்லை. "இண்டிகேட்டர் சத்தம் கேட்டுது. வளைவு வந்துட்டுன்னு நெனச்சேன்."

"செவுரு ஏதும் எதுர வந்துதா?"

"வந்துது. அவன் மேலதான் தப்பு."

சிரித்தோம். ஆனால் அன்று சாயங்காலம் அவர் சிவந்த கண்ணோடுதான் டியூட்டிக்குப் போனார். காலையில் வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கிற வரை எனக்கு உயிர் இல்லை. கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தம்பிக்குத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஸ்டெபிலைசரைத் திருப்பிக் கொடுக்க உங்கள் கடைக்கு வந்த நேரத்தில் கரண்ட் இல்லை. பஜாரே இருண்டு கிடக்க, உங்கள் கடையில் மட்டும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேஜைக்கு அடியில் பார்த்தேன். ஒரு கார் பேட்டரி.

"இது என்ன அண்ணாச்சி?"

"கரண்ட் போனா யாவாரம் நிக்கவா முடியும்? எத்தனையோ வருசமா இதுலதான் ஓட்டுதேன். ஒரு சத்தம் கிடையாது."

உங்கள் வாயால்தான் சொன்னீர்கள். ஸ்டெபிலைசரை உங்கள் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

இலஞ்சி போகிற ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய கார் பேட்டரி கிடைத்தது. சார்ஜ் இறங்கினால் அங்கேயே ஏற்றித் தருவார்கள். போர்டுக்கு அது போதும், டிவியும் அதிலேயே ஓடும் வகை. ஆக ஸ்டெபிலைசரும் வேண்டாம், டிரான்ஸ்பார்மரும் வேண்டாம். சூடுதான் பாக்கி. பழைய அலுமினியச் சட்டியின் விளிம்புக்குக் கீழே ஓட்டை போட்டு, ரெகுலேட்டரைப் போர்டிலிருந்து எடுத்து அதில் இறுக்கித் திருகினேன். ஒயரை நீட்டிப் பற்றவைத்தேன். ஓட்டை மட்டத்துக்குக் கீழ் வரை தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் வெதுவெதுப்பானதோடு சரி. ஃபேனுக்கு வேலை இல்லாமல் போனது.

அன்று சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் படுத்ததும் உட்கார்ந்தேன். மலைப்பாதையில் ஒரு பஸ் இறங்குகிற விளையாட்டு எழுதினேன். திரையில் ரோடு வளையும், பஸ்ஸை ரோட்டை விட்டு விழாமல் திருப்ப வேண்டும். சாயங்காலம் அவர் தானாகவே விழித்து, சோம்பல் முறித்தார்.

"ஏட்டி, இன்னைக்கு மெஷினத் தொடவே இல்லியா?"

திரை என் முன்னால் எரிந்துகொண்டிருந்தது. நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"சட்டியில என்ன, உலை வச்சிருக்கியா?"

"கம்ப்யூட்டருக்குக் குளுந்த தண்ணி. வந்து பஸ்ஸ ஓட்டிப் பாருங்க."

உட்கார்ந்தார். "பிரேக் எங்க?"

"இதுல பிரேக் கிடையாது."

"அப்ப நான் எடுக்க மாட்டேன். வண்டிய டெப்போவுல விடு."

அதன் பிறகு வருஷக்கணக்கில் நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து புரோகிராம் எழுதினேன். அவர் தூங்கினார். ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்றார். அதை நினைத்தால் இன்றும் மனசு லேசாகிவிடுகிறது.

ஆனால் போன மாதம் வியாபாரிகள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, இந்த ஊரில் சத்தமில்லாத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வழி காட்டியதே நான்தான் என்று பேசினீர்கள். அந்தப் பெருமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான். காலுக்குப் பக்கத்தில் அந்தப் பேட்டரியை வைத்துக்கொண்டு, ராத்திரி மலையில் பஸ் ஓட்டுகிறவருக்காகக் கேட்டவளிடம், வேறு வழியே இல்லாதது போல ஏன் பேசினீர்கள்? அடுத்த கூட்டத்தில், அதே மைக்கில், எல்லோர் காதும் கேட்கப் பதில் சொல்லுங்கள். நான் முன்வரிசையில் இருப்பேன். அவரையும் கூட்டிக்கொண்டு வருவேன்.