கசக்குது என்று சொன்னேன்

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனை, எங்கள் வார்டில் கை கழுவச் சொல்லிக்கொடுப்பவள் நான். தொற்றுத் தடுப்புக்கென்று ஒவ்வொரு வார்டிலும் ஒரு தாதியைப் பொறுப்பாக வைப்பார்கள். இருபது வருட சர்வீஸ், கொஞ்சம் வாய்த்துடுக்கு, இந்த இரண்டு தகுதிகளோடு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விரல் இடுக்கைத் தேய்க்காமல் போனால் டாக்டரானாலும் கூப்பிட்டு நிறுத்துவேன். ஒரு பெரிய டாக்டர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் திரும்பி நடந்துவிடுவார் என்று பேச்சு. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

கோவிட் வந்ததும் என் மவுசு கூடிப்போனது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வகுப்பெடுத்தேன். கிருமி எப்படிப் பரவும், கவச உடையை எந்த வரிசையில் போடுவது, எந்த வரிசையில் கழற்றுவது என்று எல்லாம் தலைகீழ்ப் பாடம். “பயம் வேண்டாம், முறை போதும்” என்று ஒரு வாசகத்தை நானே உருவாக்கி, பெரிய எழுத்தில் அச்சடித்து, தேநீர் அறையில் ஒட்டியும் வைத்தேன்.

அந்த நாட்களில் தாதிகளுக்கு ஒரு கேள்வித்தாள் வந்தது. இந்த நோயைப் பற்றி நமக்கு என்ன தெரியும், நம் மனநிலை எப்படி என்று தெரிந்துகொள்ள யாரோ ஆசைப்பட்டிருந்தார்கள். தெரிந்ததைக் கேட்ட பகுதியில் எனக்கு ஒரு தவறு கூட இல்லை. மனநிலைப் பகுதியிலும் தங்குதடையில்லாமல் போனேன். நோயாளிகளைக் கவனிக்க எனக்குத் தயக்கமில்லை: முழுமையாக உடன்படுகிறேன். என் பணி எனக்குப் பெருமை தருகிறது: முழுமையாக உடன்படுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அடுத்த வரி. கை போன வேகத்தில் அதற்கும் முழுமையாக உடன்படுகிறேன் என்று போட்டுவிட்டு, பதறிப்போய் அழித்தேன். அந்தத் தாளில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. வார்டைக் கோவிட் வார்டாக மாற்றப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்பவர்களிடம் சொல்ல ஒரு காரணமும் தயாராக வைத்திருந்தேன்: என் கணவருக்கு ஆஸ்துமா. உண்மைதான், ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது இருந்ததாம். எனக்கு மூச்சு முட்டிச் சாக விருப்பமில்லை, அவ்வளவுதான் விஷயம்.

கணவர் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையில் விற்பனையாளர். கடை மூடிவிட்டதால் புக்கிட் பாஞ்சாங் வீட்டில் உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் படித்து, ஒரே வாரத்தில் வைத்தியராகிவிட்டார். லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துக்கடை திறந்திருந்த கடைசி நாளில் போய், நிலவேம்புப் பொடியைப் பை நிறைய அள்ளி வந்தார். தினமும் காலையில் ஒரு டம்ளர் கஷாயம்.

“இதுக்கு ஆதாரம் ஒண்ணும் கிடையாதுங்க. நானே கிளாஸ் எடுக்கிறேன்” என்றேன்.

“கிளாஸ் அங்க எடு. இங்க குடி” என்றார். ஊருக்குத்தான் உபதேசம். நான் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

இப்படியிருக்கும்போது மாஸ்க் பொருத்தச் சோதனைக்கு முறை வந்தது. கோவிட் அறைக்குள் போகிறவர்கள் போடும் மாஸ்க், முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். ஒட்டுகிறதா என்று பார்க்க மாஸ்க்கைப் போட்டுவிட்டு, தலைக்குமேல் ஒரு கூண்டைக் கவிழ்ப்பார்கள். முன்னாலிருக்கும் ஓட்டை வழியே பம்ப்பை அழுத்திக் கசப்பு மருந்தைப் புகையாக உள்ளே அடிப்பார்கள். தலையைத் திருப்ப வேண்டும், குனிய வேண்டும், ஒரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும். நாக்கில் கசந்தால் மாஸ்க் பொருந்தவில்லை என்று அர்த்தம். கசக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியது நாம்தான். மருத்துவமனையே நம் நாக்கை நம்பி நிற்கும் இடம் அது.

எனக்குச் சோதனை செய்தவர் எங்கள் வார்டின் மூத்த தாதி, எங்களுக்கெல்லாம் அக்கா. மலேசியாவின் ஜொகூர்க்காரர். தினமும் உட்லண்ட்ஸ் வழியாகப் பாலம் தாண்டி வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர், எல்லையை மூடியதும் இந்தப் பக்கமே ஓர் ஓட்டல் அறையில் தங்கிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், ஊருக்கெல்லாம் மாஸ்க் பொருத்திப் பார்க்கும் அவருடைய குட்டி முகத்துக்கு எந்த மாஸ்க்கும் பொருந்தவில்லை.

அன்று காலையில் குடித்த கஷாயம் அடிநாக்கில் அப்படியே இருந்தது. கூண்டு கவிழ்ந்ததும் “கசக்குதுக்கா” என்று வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அக்கா வேறு வகை மாஸ்க்கை எடுத்தார். அந்த இடைவெளியில்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. எந்த மாஸ்க்கும் பொருந்தாதவர்களைக் கண் கிளினிக்குக்கு மாற்றிவிடுவார்கள் என்று தேநீர் அறையில் பேசிக்கொண்டார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். இரண்டாவது மாஸ்க்: கசக்குது. மூன்றாவது மாஸ்க்: ஐயோ, ரொம்பக் கசக்குதுக்கா. முகத்தைக்கூடச் சுளித்துக் காட்டினேன்.

அக்கா படிவத்தில் எழுதிக்கொண்டார். கண் கிளினிக்கில் யாரோடு மதியச் சாப்பாடு சாப்பிடுவது என்பது வரை அன்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

மறுவாரம் உத்தரவு வந்தது. மாஸ்க் பொருந்தாதவர்கள் மோட்டார் வைத்த முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோவிட் வார்டுக்குள் போகலாம். எங்கள் வார்டுக்கு இரண்டு முக்காடுகள் ஒதுக்கியிருந்தார்கள். ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. தலை முழுவதையும் மூடும் வெள்ளை முக்காடு, முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல், முதுகில் குழாய், இடுப்பில் காற்றடிக்கும் மோட்டார். அந்த மோட்டார் காதுக்குள் மிக்ஸி ஓடுவதுபோல எந்நேரமும் இரையும். வெளிச்சத்தம் ஒன்றும் கேட்காது. மற்றவர்கள் மாஸ்க்கோடு சாதாரணமாக நடமாட, நானும் அக்காவும் நிலாவுக்குக் கிளம்பியவர்கள் மாதிரி ஆடி அசைந்து போய்வந்தோம்.

ஒரு லாபம், முக்காட்டுக்குள் பயம் கொஞ்சம் அடங்கியது. காது கேட்காத கஷ்டத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். வெளியே இருப்பவர்களிடம் ஏதாவது பேச வேண்டுமென்றால் அறையின் கண்ணாடிக் கதவுக்கு அருகில் போய்க் கத்துவேன். நோயாளி ஏதாவது சொன்னால் நன்றாகத் தலையாட்டி, கட்டை விரலை உயர்த்திக் காட்டுவேன். பெரும்பாலும் தண்ணீர், போர்வை, நன்றி என்றுதான் இருக்கும் என்பது என் கணக்கு. தமிழ் பேசுகிறவள் என்று வெளிநாட்டு ஊழியர் விடுதியிலிருந்து வந்த ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளியின் அறையை எனக்கே கொடுத்திருந்தார்கள். முப்பது வயதிருக்கும், கட்டுமான வேலை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருப்பார். நான் போகும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து ஏதோ சொல்வார். நான் தலையாட்டுவேன், கட்டை விரலைக் காட்டுவேன், மருந்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். நல்ல பையன் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது வாரம் அக்காவின் முக்காட்டு மோட்டார் நின்றுபோய்ப் பழுதுபார்க்கப் போனது. முக்காடு இல்லாமல் அவர் உள்ளே போக முடியாது. வெளியே நின்று சாமான்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த காலையில் இன்னொரு தாதிக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளே எட்டு அறைகள். அவற்றுக்கு நானும் இன்னொருத்தியும்தான். அக்கா கையுறைப் பெட்டிகளை அடுக்கியபடி என்னைப் பார்த்தார். என் இடுப்பிலிருந்த மோட்டாரை ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான்.

அரை மணி நேரம் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

“அக்கா, எனக்கு இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணுங்களேன்.”

“இப்பவா?”

“இப்பவே.”

“கஷாயம் குடிச்சியா?”

“இல்லக்கா. அவருக்குத் தெரியாம சிங்க்ல ஊத்திட்டேன்.”

சாமான் அறையில் வைத்துச் சோதனை நடந்தது. கூண்டு கவிழ்ந்தது. மூச்சை இழுத்தேன், தலையைத் திருப்பினேன், குனிந்தேன், பத்தியைப் படித்தேன். முதல் மாஸ்க்கே முகத்தில் ஒட்டவைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. துளிக் கசப்பு இல்லை.

“கசக்கலக்கா” என்றேன். அக்கா எழுதினார். நான் சும்மா இருந்திருக்கலாம். “போன தடவை அந்தக் கஷாயத்தாலதான்...” என்று இழுத்தேன்.

“முதல் மாஸ்க்குக்கு நான் பம்ப்ப அழுத்தறதுக்கு முன்னாடியே கசக்குதுன்னு சொல்லிட்ட லா.”

“அது...”

“மூணாவதுக்கு நான் மருந்தே போடல. வெறும் தண்ணி.”

மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். “தெரிஞ்சும் ஏன்க்கா மேல சொல்லல?”

“சொல்லி? பயந்து நிக்கிறவள கழுத்தப் பிடிச்சு உள்ள தள்ளணுமா? எப்படியும் மோட்டார் ஹூட் போட்டாவது அனுப்பத்தான் போறாங்கன்னு எனக்குத் தெரியும். சரி, அந்த மோட்டாரக் கழட்டிக் குடு. எனக்கு உள்ள வேலை இருக்கு.”

நான் துடைத்துக் கொடுத்த முக்காட்டை அக்கா மாட்டிக்கொண்டு நான்கு அறைகளைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். நான் மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, முக்காட்டின் துணையில்லாமல் முதல் தடவையாக உள்ளே போனேன். வெட்கமாக இருந்தது. கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் அந்தத் தொழிலாளியின் அறைக்குள் நுழைந்தேன். ஆக்சிஜனின் மெல்லிய சத்தம்கூடக் கேட்டது. அறைக்கு இவ்வளவு சத்தம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

“சாப்டீங்களா தம்பி?”

அவர் படக்கென்று எழுந்து உட்கார்ந்தார். “தமிழா? புதுசா வந்துருக்கீங்களாக்கா?”

“உடம்பு எப்படி இருக்கு?” என்று பேச்சை மாற்றினேன்.

“உடம்பு இருக்கட்டும்க்கா. இங்க ஒரு மோட்டார் அக்கா வருவாங்க. அவங்களும் தமிழ்தானாம். நல்லவங்கதான், ஆனா...”

“ஆனா?”

“டாக்டர் இங்கிலீஷ்ல சொல்றது எனக்குப் புரியல. அதான் அந்த அக்காகிட்ட தினமும் கேட்டேன். அக்கா, நான் செத்துருவேனா, மறைக்காம சொல்லுங்கன்னு.”

“என்ன சொன்னாங்க?”

“ஆமான்னு தலையாட்டினாங்க. கட்டை விரல வேற தூக்கிக் காட்டினாங்க. தினமும் அதேதான்.”

அவர் குரலில் கோபமே இல்லை. “ஊர்ல வீடு கட்டிக்கிட்டிருக்கேன்க்கா. வாசலுக்கு நிலை வைக்கணும். நான் வந்துதான் வைக்கணும்னு வீட்ல பிடிவாதமா இருந்தா. எனக்காகக் காத்திருக்க வேணாம், மச்சான நிறுத்தி வச்சுடுன்னு நேத்துதான் போன்ல சொன்னேன். ஒரே அழுகை.”

சோதனை மேசையில் மூன்று தடவை வாய் கூசாமல் பொய் சொன்னவளுக்கு இப்போது உண்மையைச் சொல்ல மூச்சு வாங்கியது.

“தம்பி, அந்த மோட்டார் அக்கா நான்தான். அதுக்குள்ள இருந்தா ஒண்ணுமே கேக்காது. நீங்க தண்ணி கேக்கிறீங்கன்னு நினைச்சேன்.”

அவர் என் கண்களையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலானது, இருமலில் ஆக்சிஜன் அளவு இறங்கி மானிட்டர் கத்தியது. நான் அவரை முன்னால் சாய்த்துப் பிடித்து, அது மறுபடி ஏறும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“அப்ப நான் சாக மாட்டேனாக்கா?”

இதற்கெல்லாம் டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லத்தான் எங்களுக்குப் பயிற்சி. “நாலு நாளா ஆக்சிஜனக் குறைச்சுக்கிட்டே வர்றோம் தம்பி. மோசமானவங்களுக்கு அப்படிக் குறைக்க மாட்டாங்க” என்றேன்.

“ராத்திரியில ரொம்பப் பயமா இருக்குக்கா.”

“எனக்கும்தான் தம்பி” என்றேன். சொன்ன பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. “முதல்ல வீட்டுக்குப் போன் போடுங்க.”

போட்டார். திரையில் அவர் மனைவி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பின்னால் செங்கல் சுவர் தெரிந்தது.

“நிலை வைக்கிறத நிறுத்து. நான் வந்து வச்சுக்கிறேன். எனக்கு ஒண்ணும் இல்லையாம்” என்றார் அவர்.

“யாரு சொன்னா?”

“மோட்டார் அக்கா.”

“யாரு, செத்துருவேன்னு தினமும் கட்டை விரலைக் காட்டினாளே, அவளா? போனை அவகிட்ட குடுங்க.”

வாங்கினேன். கடைசி வரை நின்று கேட்டேன். ஒரு வார்த்தை விடாமல் தெளிவாகக் காதில் விழுந்தது.