இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

தடுப்புக் கம்பியை இறக்கிவிட்டு, சைக்கிள்காரர்களின் முகத்தைக்கூடப் பார்க்காமல், "தள்ளி நில்லுங்கப்பா, ஆறு எங்கயும் ஓடிடாது" என்பார் கெர்ட்டு. ஔரா ஆற்றின் குறுக்கே வடத்தைப் பிடித்துப் போய்வரும் ஆரஞ்சு நிறப் படகை ஓட்டுகிற அம்மா. பக்கத்தில் ஆறிப்போன காப்பி, பாதி கடித்த ஏலக்காய் பன். எப்போதும் சரிந்த தோள். அந்தக் கரையைத் தொட்டால் உடனே திரும்ப வேண்டும். இந்த வேலைக்கு முடிவேது? மீன் கடைக்குத் தினமும் நான் இதில்தான் போகிறேன். அவர் சிரித்துப் பார்த்தது குறைவு.

துர்க்கு நகரத்துக்காரர்களான எங்களுக்கு ஒரு வீம்பு உண்டு. பிறந்த கரைதான் 'இந்தப் பக்கம்'. எதிர்க்கரையிலேயே போய் நின்றாலும் அதை 'அந்தப் பக்கம்' என்றுதான் சொல்வோம். கெர்ட்டு தேவாலயக் கரை. அவர் கணவர் ஒன்னி எதிர்க்கரை. கல்யாணமாகி மனைவியின் கரையிலேயே கிழவரானவர், ஆனாலும் "அந்தப் பக்கத்துல குடித்தனம் பண்றேன்" என்றே சொல்லித் திரிந்தார். இதற்காகவே இருவரும் சாப்பாட்டு மேசையில் முட்டிக்கொள்வார்கள்.

இப்போது ஒன்னிக்கு நினைவு தப்பிவிட்டது. தான் பிறந்த கரையில், முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மத்தியானங்களில் பணிப்பெண் ஒருத்தி அவரைப் படகில் ஒரு சுற்று கூட்டிவருவாள். பாழாய்ப்போன நவம்பர் காற்றிலும் அவர் கோட்டின் மேல் பொத்தான் திறந்தே கிடக்கும். ஒருமுறை கெர்ட்டு அதைப் போட்டுவிடப் போனார். "யாரும்மா நீங்க? கைய எடுங்க" என்று தட்டிவிட்டார் மனுஷர். அன்று கெர்ட்டு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவரு மனசுல ஒரு மூலையிலயாவது நான் இருக்கேனான்னு தெரிஞ்சாப் போதும். அலுத்துப்போச்சுப்பா."

அதன் பிறகு ஒன்னியிடமும் மற்ற பயணிகளிடம் பேசுவதுபோலவே பேசினார். நேற்று ஒன்னி தன் கரையில் ஏறியதும், நிமிர்ந்து பாராமல், "எங்க போகணும் ஐயா?" என்றார் கெர்ட்டு.

ஒன்னி ஆற்றுக்கு அப்பால் தேவாலயக் கரையைக் காட்டினார். "வீட்டுக்குத்தான். இந்தப் பக்கம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கரைக்கு அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்ததே கிடையாது.

கெர்ட்டு மெல்லத் திரும்பினார். "எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்னேனே. காது கேக்காதா?"

படகு கரை தட்டியது. சைக்கிள்காரர்கள் மணியடித்தார்கள். கம்பியைத் தூக்காமல், கையுறையைக் கழற்றிக்கொண்டு கெர்ட்டு அவர் எதிரே போய் நின்றார். மேல் பொத்தானுக்குக் கை நீட்டினார். ஒன்னி, வாகாக, தாடையைத் தூக்கிக் கொடுத்தார்.