பலா மரத்தில் ஏறியவர்

என்னைப் பெண் பார்க்க வந்த ஆள் வேறு, நான் கூட இருந்து குடும்பம் நடத்திய ஆள் வேறு. உடம்பு ஒன்றுதான். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், எல்லாப் பெண்களும் இதைத்தானே சொல்கிறார்கள் என்று. சிரிக்கட்டும். நான் சொல்வது அந்த அர்த்தத்தில் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வீடு கொல்லயிலில். தென்னையும் கொஞ்சம் வயலும் உண்டு. மாப்பிள்ளை வீடு குன்னத்துகால் பக்கம், ரப்பர்க்காரர்கள். பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை எங்கள் ஊரில் எப்படி இருப்பான்? தலையைக் குனிந்து மிக்சரை ஒவ்வொன்றாகப் பொறுக்குவான். கூட வந்த மாமன்தான் பேசுவான். இவர் மாமனைப் பேசவே விடவில்லை. அப்பாவுக்குத் தென்னைக்கு உரம் வைப்பதைச் சொல்லிக்கொடுத்தார். அம்மாவிடம் முறுக்கில் எள்ளு போதாது என்றார். வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தில் பழுத்துத் தொங்கிய சக்கையைப் பார்த்து, “இத ஆரும் பறிக்கல்லியா?” என்று கேட்டவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறியேவிட்டார். வெள்ளைச் சட்டை முழுக்கப் பிசின். உச்சியில் இருந்துகொண்டு, ஜன்னலோரம் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான், என் கதை முடிந்தது.

அப்பா முறைப்படி விசாரிக்கப் போனார். சாயாக்கடையில் கேட்டார், பஸ் ஸ்டாப்பில் கேட்டார். எல்லாரும் ஒரே பதில். குடி கிடையாது, வம்பு கிடையாது, ரப்பர் பால்வெட்டில் அவனை மிஞ்ச ஆளில்லை. எல்லாம் உண்மை. ஒருத்தர் மட்டும், “இடைக்கு இடைக்கு ஒரு மடி வரும்” என்றாராம். மடி என்றால் சோம்பல். எந்த ஆம்பிளைக்கு வராது என்று அப்பா அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அந்த மனிதரையும் நான் குறை சொல்லமாட்டேன். ஊரில் அதற்கு வேறு பெயர் யாருக்கும் தெரியாது.

கல்யாணம் முடிந்த அடுத்த மழைக்காலத்தில் மடி வந்தது. குளியல் இல்லை, சவரம் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கொண்டுபோன கஞ்சி ஆறித் திரும்பி வரும். நான் என்ன செய்துவிட்டேன்? மீன்குழம்பில் புளி கூடிவிட்டதா? என் முகம் சலித்துவிட்டதா? அவருடைய அம்மா, என் மாமி, கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று எனக்குப் புத்தி சொன்னார். நான் ஆடியும் பார்த்தேன், பாடியும் பார்த்தேன். ஒரு மதியம் அவரே வாய் திறந்தார்.

“நீ உனக்க வீட்டுக்குப் போயிரு பிள்ளே. நான் இருந்தா என்ன, இல்லேன்னா என்ன.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. போகிறேன், இப்போதே போகிறேன் என்று துணியெல்லாம் எடுத்துக் கட்டினேன். கட்டி முடிக்கும்போதுதான் அவர் சொன்னதன் பின்பாதி உறைத்தது. மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடி, அவருடைய பால்வெட்டும் கத்தியை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தேன். அதற்குப் பிறகு அவரைத் தனியாக விட்டு நான் குளிக்கக்கூடப் போகவில்லை.

பனிக்காலம் வந்ததும் எழுந்தார். விடியலில் பாயில் ஆள் இல்லை. ஓடிப் பார்த்தால், அடுக்களையில் குளித்துத் தலை வாரி நிற்கிறார். கத்தி எங்கே என்று கேட்கிறார், அதே சிரிப்போடு. மாமி அன்றைக்கே கோவிலுக்கு விளக்கு நேர்ந்தார்.

ரப்பரை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். மரம் பால் ஊற வேண்டுமே. தென்னை வீட்டில் பிறந்த எனக்கே அதற்குள் அது தெரிந்திருந்தது. இவர் தினமும் வெட்டினார். பிறகு ஒரே மரத்தில் இரண்டு பக்கமும் வெட்டினார். மரத்தில் கட்டிய சிரட்டையெல்லாம் பால் பொங்கி வழிந்தது, கொடி நிறைய ரப்பர் ஷீட். தூக்கம் கிடையாது. நாங்கள் அதை உழைப்பு என்று கொண்டாடினோம். மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்று தெரிந்த வீட்டில், ஆளுக்கு ஓய்வு வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அடுத்த தோட்டத்தில் வெட்டுப் பருவம் வராத இளமரங்கள் நின்றன. ஒரு காலை அத்தனையையும் கீறிவிட்டு வந்தார். இனி இந்த ஊரில் ஒருத்தனும் கூலிக்குப் போகவேண்டாம், பால் ஆறாக ஓடப்போகிறது என்றார். பேச்சு நிற்கவே இல்லை. தோட்டக்காரர் ஆளோடு வந்து, கன்றுக்குட்டியின் மடியைப் பிடித்துக் கறப்பாயா என்று கத்தினார். இவர் கைகொட்டிச் சிரித்தார். பலா மரத்தின் உச்சியில் நான் பார்த்தது இந்தச் சிரிப்பைத்தான்.

நெய்யாற்றின்கரையில் பஸ் மாறி, திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா அவரிடம் கொஞ்சமும் என்னிடம் நிறையவும் கேட்டார். படுத்துக் கிடப்பதும் எழுந்து பறப்பதும் ஒரே நோயின் இரண்டு முகம் என்றார். நான் சண்டைக்கே போனேன். படுத்துக் கிடப்பது நோய், சரி. சிரிப்பதும் உழைப்பதும் எப்படி நோயாகும்? டாக்டரம்மா பொறுமையாக, கல்யாணத்துக்கு முன்னால் இப்படி எப்போதாவது பார்த்தாயா என்று கேட்டார். நான் சக்கை பறித்த கதையை ஆரம்பித்தேன். பாதியில் வாய் நின்றுவிட்டது. யாரைப் பார்த்து நான் சம்மதம் சொன்னேனோ, அந்த ஆளை மாத்திரை கொடுத்து விரட்டப் போகிறார்கள். அழுதேன். நோயை நினைத்து அழுகிறாள் என்று டாக்டரம்மா என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்தது. சாப்பிட்டார், தூங்கினார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் கை நடுங்கியது. சாயா டம்ளர் ததும்பும். பால்வெட்டு என்பது பட்டையோடு நிற்கிற வேலை, மயிரிழை ஆழம் போனாலும் மரம் காயப்பட்டு வீங்கிவிடும். அவருடைய மரங்கள் வீங்கின. மீன் கழுவிய தண்ணீரை வாழைமூட்டில் கொட்டப் போன ஒருநாள், மண்ணில் கரைந்துகொண்டிருந்த மாத்திரைகளைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அவர் பாடிக்கொண்டே வந்தார். கல்யாணச் சேலையை உடுத்து, கோவளம் போவோம் என்றார். கை நடுங்கவில்லை. கடவுளே, எத்தனை நாளாயிற்று அந்த ஆளைப் பார்த்து! கால் தானாகவே பெட்டிக்குப் போயிற்று. சேலையை எடுக்கக் குனிந்தேன். எடுக்கவில்லை. மாத்திரையும் தண்ணீருமாகத் திரும்பி வந்தேன்.

“நான் கெட்டினது இந்த ஆளத்தான். எனக்கு இவனத்தான் இஷ்டமாக்கும். ஆனா இவன் போற நேரம் உங்களையும் கூட்டிட்டுப் போவான்.”

பாட்டு நின்றது. வலது கையை என் முன்னால் நீட்டினார்.

“இது நடுங்குனா நான் ஆரு?”

கத்தியை என்னிடம் தாருங்கள், நான் வெட்டுகிறேன், நீங்கள் பால் எடுங்கள் என்றேன். முறைத்தார். வெளியே போனார், முற்றத்தைச் சுற்றினார், திண்டாடினார், திரும்ப வந்தார். கத்தியைத் தரையில் வைத்துவிட்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

பிறகு டாக்டரம்மா மருந்தின் அளவைக் குறைத்தார். நடுக்கமும் குறைந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை. நான் வெட்ட, வாளியோடு பின்னால் வந்து, பைய, ஆழம் கூடிட்டு, மரத்தக் கொல்லாதே என்று உயிரை வாங்குவார். நானும் சும்மா இருப்பவள் இல்லை. தோட்டம் முழுக்க எங்கள் சண்டை கேட்கும்.

அடுத்த சக்கைக் காலத்தில் கொல்லயிலுக்குப் போயிருந்தோம். அதே மரம், உச்சியில் ஒரு பழம். மரத்து மூட்டில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏறிவிடுவாரோ என்று பயம். ஏறமாட்டாரா என்றும் ஒரு ஆசை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

“அன்னைக்கு ஏறினவன உனக்கு ரொம்ப இஷ்டம், இல்லியா?”

பொய் சொல்ல எனக்கு வராது. ஆமா என்றேன்.

“எனக்கும்தான்” என்றார். பிறகு, கீழே நின்றே சக்கை பறிக்கிற தோட்டிக்கம்பு எங்கே இருக்கிறது, எடுத்துக்கொண்டு வா என்றார்.