கொசுவலைக்குள் ஒரு விமானம்

எதிர்வீட்டு வேல்முருகன் ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டுகிறான். நான் அதே சுரங்கத்தில் லாரி. ஒரே வாரலில் டிராக்டர் நிறையக் கல்லைத் தூக்கிப் போடுகிற ஆள், வீட்டுக்கு வந்தால் பல்குத்தும் குச்சி முனையில் பெயின்டைத் தொட்டு, கடுகளவு ஜன்னலுக்குக் கறுப்புப் பூசிக்கொண்டிருப்பான். யாரோ கையளவு பிளாஸ்டிக் விமானத்துக்குப் பெயின்ட் அடிக்கும் வீடியோவைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம் அது.

முதல் விமானத்தை அவன் பாழாக்கிய அழகைச் சொல்லியாக வேண்டும். ஹார்டுவேர் கடையில் இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற பெயின்டை வாங்கி, கேட்டுக்கு அடிப்பது போலவே அடித்தான். கதவு, ஜன்னல், கோடு எல்லாம் மூழ்கி, விமானம் வாழைக்காய் ஆகிவிட்டது. துடைத்துவிடலாம் என்று பட்டறையிலிருந்து தின்னர் கொண்டுவந்தான். பெயின்ட் போனது, கூடவே இறக்கையும் இளகித் தொங்கியது. "அடிபட்ட காக்கா மாதிரி இருக்குடா" என்றேன்.

அடுத்து வாங்கியது வெள்ளைப் பயணிகள் விமானம். இந்த முறை பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பெயின்டை நீர்க்கக் கரைத்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது என்று பொறுமையாக இருந்தான். ஆனால் எங்கள் ரோட்டில் கல் லாரி ஓயாது. பெயின்ட் காய்வதற்குள் புழுதி வந்து உட்கார்ந்துவிடும். தேய்ப்பான், மறுபடி அடிப்பான், மறுபடி லாரி வரும். அதில் பாதிப் புழுதி நான் கிளப்பியது. கடைசியில் கட்டிலுக்குக் கொசுவலையைக் கட்டி, பட்டப்பகலில் அதற்குள் உட்கார்ந்துகொண்டான். வந்தவர்கள் டெங்குவா என்று விசாரித்தார்கள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறாரு" என்பாள் அவன் மனைவி சாந்தா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்தப் 'பொம்மை'தான் அவனைக் குத்தியது. நான் கேலி செய்தால்கூடத் தாங்கிக்கொள்வான். சாந்தா ஒரே ஒரு தடவை அதை மதித்துவிட வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடும். "பொம்மையில்ல சாந்தா, நெசமான விமானத்த அளவெடுத்துச் செஞ்சது" என்று விளக்குவான்.

"செஞ்சது சரி, பறக்குமா?" என்பாள். அவன் மறுபடி குச்சியைப் பெயின்டில் தொடுவான்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் விமானத்தின் வாலுக்கான ஒட்டுப்படத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்ல நழுவவிட்டு ஒட்டி முடித்தான். மேலே வார்னிஷ் மட்டும் பாக்கி. அது ஏறும்வரை அந்த வெள்ளை எந்தக் கறையையும் குடித்துவிடும் என்று எனக்கே விரல் நீட்டி எச்சரித்தான்.

மறுநாள் சுரங்கத்தில் வண்டிகளுக்குப் பூசை போட்டுவிட்டு, பொரிப் பொட்டலத்தோடு அவன் வீட்டுக்குத் திரும்பினோம். மொபெட், மிக்சி, அரிவாள்மணை, தையல் மெஷின் எல்லாம் பொட்டோடு இருந்தன. மெஷினுக்குப் பக்கத்தில், பலகைமேல் விமானம். மூக்கில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். விமானியின் ஜன்னல்வரை சிவப்பாக வழிந்திருந்தது.

வேல்முருகன் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். "என்ன காரியம் பண்ணியிருக்க? பொம்மைக்கெல்லாம் எதுக்குப் பொட்டு?" கோபத்தில் அவன் வாயிலேயே அந்தச் சொல் வந்துவிட்டது.

சாந்தாவுக்குச் சுருக்கென்றது. "பொம்மைக்கு யாருங்க பொட்டு வப்பாங்க? வண்டிக்குத்தான வப்பாங்க. எலுமிச்சம்பழம் வைக்கலாம்னு பாத்தேன், விமானத்தவிடப் பழம் ஒசரமா இருக்கு. அதான்..." என்று சக்கரங்களைக் காட்டினாள்.

குனிந்து பார்த்தோம். மிளகளவு சக்கரம் ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எலுமிச்சை விதை இருந்தது.

வேல்முருகன் துணியைக் கீழே வைத்துவிட்டான். அவன் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, பொரியை அள்ளிப் போட்டுக்கொண்டு சமாளித்தேன்.

சந்தனம் காய்ந்ததும் உதிர்ந்த தூளை மட்டும் ஊதிவிட்டு, விமானத்தோடு கொசுவலைக்குள் போனான். பொட்டின் மேலேயே வார்னிஷ் அடித்தான். இனி யார் துடைத்தாலும் அது போகாது.