ஒருத்தரும் சாகேல்லை, கேளுங்கோ

தர்சினி போன செய்தி எனக்குப் போனில் வரவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பையின் அடியில் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்த போனில் யார் யாரோ கூப்பிட்டுக் களைத்திருந்தார்கள். அப்போது பலாலி வீதியால் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று மெல்ல வந்தது. முதலில் சோக வாத்தியம், பிறகு ஊர் ஊராகச் சாவு அறிவிக்கும் சிவம் அண்ணையின் குரல்: "பண்டத்தரிப்பைச் சேர்ந்த செல்வி தர்சினி காலமாகிவிட்டார் என்பதை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் அறியத்தருகின்றோம்." பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "ஐயோ, இளம் பிள்ளை போலக் கிடக்கு" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். போன் கைவிட்டாலும் ஓட்டோ கைவிடாது என்று எங்களோடு எவ்வளவு காலம் மல்லுக்கட்டினாள்! கடைசியில் தன் சாவை வைத்தே அதை எனக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்ன உறவினர் ஒருவர், "அமைதியான பிள்ளை, பொறுமைசாலி எண்டு நாலு வசனம் எழுதிவிடுங்கோ" என்றார். மன்னிக்கவேண்டும், எழுதமாட்டேன். அவளோடு ஒரு நாளாவது பழகிய உங்களுக்கு அது பச்சைப் பொய் என்று தெரியும். அவள் வாய்க்காரி. பிழை என்று பட்டால் பேராசிரியர் என்றும் பாராள், பஸ் நடத்துநர் என்றும் பாராள். அந்த வாயை மறைத்து அவளுக்கு அஞ்சலி எழுதினால், எழும்பி வந்து என்னை ஏசுவாள்.

பல்கலைக்கழகத்தில் படித்த நாளில் தர்சினியோடு சேர்த்து நாங்கள் நால்வர் ஓர் அணியாகக் கொழும்பில் நடந்த இணையப் பாதுகாப்புக் கொள்கைப் போட்டிக்குப் போனோம். அதில் கணினியைத் திறக்கிற வேலையே இல்லை. பெரிய தாக்குதல் ஒன்று நடந்ததாகக் கற்பனைக் கதையொன்றை முன்கூட்டியே தந்துவிடுவார்கள். மாணவர்கள் அரசாங்கத்தின் ஆலோசகர்களாக நின்று, மக்களை எப்படிக் காப்பாற்றலாம் என்று நடுவர்களுக்குச் சொல்லவேண்டும். எங்களுக்கு வந்த கதையில், மருத்துவமனை ஒன்றின் குறுஞ்செய்தி அமைப்புக்குள் யாரோ புகுந்து, "நாளை உங்களுக்குச் சிகிச்சை இல்லை, வரவேண்டாம்" என்று நோயாளிகளுக்குப் பொய்ச் செய்தி அனுப்புகிறார்கள். அதை நம்பி வீட்டில் இருந்துவிட்டால், இரத்தம் சுத்திகரிக்க வரும் சிறுநீரக நோயாளிகளின் கதி என்ன?

வாசித்து முடித்ததும் நாங்கள் மற்ற மூவரும் தர்சினியைத்தான் பார்த்தோம். தர்சினியே அந்தச் சிகிச்சைக்குக் கிழமை தவறாமல் போகிறவள். எங்கள் அணித்தலைவன் கஜன் சொன்னான்: "தர்சினி, உன்ரை நிலைமையை மேடையிலை சொன்னால் நடுவர்மார் கரைஞ்சு போவினம்."

"என்ரை கிட்னியைக் காட்டிப் புள்ளி வாங்குறதெண்டால் நான் இப்பவே வீட்டை போறன்" என்றாள். "நாங்கள் சொல்லுறது சரியெண்டால் புள்ளி போடட்டும். பாவம் பாத்துப் போடுற புள்ளி எனக்கு வேண்டாம்."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளுடைய யோசனை வேறு. பொய்க்கு மறுப்பாக இன்னொரு குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று நாங்கள் எழுதியிருந்தோம். அதை அவள் வெட்டினாள். "பொய் வந்த வழியாலை உண்மையை அனுப்பினால் ஆர் நம்புவினம்? எங்கடை சனம் நம்புற சத்தம் ஒண்டு இருக்கு. செத்தவீடு சொல்லுற ஓட்டோ. அது சொன்னால் ஒருத்தரும் சந்தேகப்படுறேல்லை."

"உனக்கு விசரே? கொழும்பிலை சிரிப்பாங்கள்" என்றான் கஜன்.

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிய மிச்சத்தைச் சொல்லுவம்."

மருதனார்மடத்துக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் சிவம் அண்ணையின் ஓட்டோவை வைத்து ஒத்திகை பார்த்தோம். அவர் பழக்கதோஷத்தில் சோக வாத்தியத்தைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான்! படலைகள் திறந்தன. ஒருவர் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை மரியாதையாக இறக்கிவிட்டபடி வந்து, "ஆர் தம்பி செத்தது? எப்ப எடுக்கினம்?" என்று கேட்டார். மருத்துவமனை பற்றிச் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. கஜன், "நான் சொன்னன்தானே" என்று சிரித்தான். தர்சினி சிரிக்கவில்லை. சிவம் அண்ணையின் கையிலிருந்து மைக்கைப் பறித்து, "ஒருத்தரும் சாகேல்லை, கேளுங்கோ!" என்று கத்தினாள். ஒழுங்கையே அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, இது ஒத்திகை என்று தொடங்கி, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். சாரத்துக்காரர் கடைசி வரை கேட்டுவிட்டு, "என்ரை மச்சாளும் உதுக்குத்தான் ஆசுப்பத்திரிக்குப் போறவ. அவவுக்கும் சொல்லிவிடுறன் பிள்ளை" என்று போனார். அன்றிலிருந்து எங்கள் அறிவித்தலின் முதல் வசனம் அதுதான்.

கொழும்பில் கஜன் சொன்னபடியே சிரித்தார்கள். தலைமை நடுவர் கேட்டார்: "நெருக்கடி நடந்துகொண்டிருக்கும்போது ஒருவரும் சாகவில்லை என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறீர்கள்?" தர்சினி ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். திரும்பி வரும் பஸ்சில் அதையே எங்கள் பேச்சில் நடித்துக் காட்டினாள்: "அந்த ஓட்டோ எப்பிடியும் வரும், சேர். செத்தாப் பிறகு வாறதை, சாக முந்தி வரச் சொல்லுறம். அவ்வளவுதான்." மண்டபத்தில் அதற்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் நாங்கள் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. தொழில்நுட்பம் போதாது என்றார்கள். ஓட்டோப் பகுதியை எடுத்துவிட்டால் அடுத்த முறை வாய்ப்பு உண்டு என்றும் சொன்னார்கள்.

"தோத்தது நாங்கள், ஓட்டோ தோக்கேல்லை" என்றாள் தர்சினி. சொன்னதோடு விடவில்லை. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும், ஒவ்வொரு முறையும் போட்டிக்குப் போகும் பிள்ளைகளை நானும் அவளும் சேர்ந்து ஆயத்தப்படுத்தினோம். ஒவ்வொரு அணியின் திட்டத்திலும் ஓட்டோ ஏறியது. ஒவ்வொரு முறையும் அதை எடுக்கச் சொன்னார்கள். "நோயாளி இல்லாத ஊருக்குத் திட்டம் போடுறவைக்கு அது தேவையில்லைத்தான்" என்பாள். சிகிச்சை முடிந்து சோர்ந்து வந்த நாட்களிலும் அந்தச் சண்டைக்கு மட்டும் அவளிடம் பலம் இருந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருந்தாள். அது கிடைக்கவில்லை.

பண்டத்தரிப்பில் செத்தவீட்டு வாசலுக்குக் கொஞ்சம் தள்ளிச் சிவம் அண்ணையின் ஓட்டோ நின்றது. அவர் உள்ளே இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, எத்தினையோ சாவு சொல்லிப்போட்டன். இண்டைக்கு மைக்கைப் பிடிக்க, தர்சினியின்ரை அந்த முதல் வசனம் வாய் வரைக்கும் வந்திட்டுது. அதைச் சொல்லிப்போட்டு வீட்டை போயிடலாம் போல கிடந்தது" என்றார். சந்தையில் வராத அழுகை எனக்கு அங்கேதான் வந்தது. வெட்கமில்லாமல் வீதியில் நின்று அழுதேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது பொறுமை இல்லை. அவளிடம் இல்லாததை நான் எப்படி எடுக்க? அந்த ஒரு வசனத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்த முறையும் பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள். இந்த முறையும் ஓட்டோவை எடுக்கச் சொல்வார்கள். எடுக்கமாட்டோம்.

தர்சினி, உனக்கு அந்த வசனம் பொய்த்துப் போச்சு. இன்னொரு வீட்டுக்குப் பொய்க்க விடமாட்டம். ஓட்டோ முந்தி வரும்.