அவர் சனிக்கிழமை பார்த்துவந்த ஊர்கள்

சேலத்தில் எந்தத் தெரு எங்கே போகிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தர்மபுரிக்கு ஒரே ஒருமுறை கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். ஆனால் பிரான்ஸ் தேசத்தின் மேற்குப் பக்கத்தில் எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர், எந்தக் கோட்டை என்ன நிறம், எந்த ஊரை யார் முற்றுகை போட்டார்கள் என்று கேளுங்கள், கடகடவென்று சொல்வேன். இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் வரலாறு, புவியியல் வகுப்பு என்றாலே எனக்குக் கண் சொக்கிவிடும்.

எல்லாம் என் வீட்டுக்காரர் புண்ணியம். மூக்கண்டப்பள்ளியில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தவர், ஏஜென்ட் மூலமாக சேன்-நசேர் என்ற ஊருக்கு, கப்பல் கட்டும் வேலைக்கு, இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனார். நான் இங்கே ஓசூரில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் நிற்கிறேன். எனக்குத் துணையாக மாமியார் பாரூரிலிருந்து வந்து தங்கினார். மகன் விமானம் ஏறிய அன்றே எனக்கு ஒரு கட்டளையும் போட்டார்.

"சம்பாதிக்கப் போன ஆம்பளைய வான்னு கூப்பிடக் கூடாது. போன காரியம் பாதியில கெட்டுடும். எங்க ஊட்டுல யாரும் கூப்பிட்டதில்ல, ஆமா."

நான் வாய் மூடி இருக்கிற ஆள் இல்லை. சூப்பர்வைசர் டீ இடைவேளையில் இரண்டு நிமிடம் குறைத்தாலே எகிறிவிடுவேன். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்டி" என்று பக்கத்து டேபிள்காரி சிரிப்பாள். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு உள்ளுக்குள் பயம். கப்பலின் வயிற்றுக்குள் தொங்கிக்கொண்டு நெருப்போடு வேலை செய்கிற மனிதர். நான் 'வா' என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? நம்பினேனா என்று கேட்டால் நம்பவில்லைதான். மீறவும் துணிவில்லை.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு போன் வரும். ஸ்பீக்கரில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். மாமியார், கொழுந்தன், கொழுந்தன் மனைவி எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். சாப்பிட்டாயா, குளிருதா, உடம்பைப் பார்த்துக்கொள், அவ்வளவுதான் பேச்சு. கடைசியாக என்னிடம் வரும்போது எல்லாக் கண்ணும் என் வாயைப் பார்க்கும்.

"நல்லா இருக்கறீங்களா?"

"இருக்கறேன். நீ?"

"இருக்கறேன்."

"சரி, வெச்சிடட்டா?"

இதற்குத்தான் ஏழு நாள் காத்திருந்தேனா என்று ஆத்திரமாக வரும். அடுப்படிக்குப் போய் பாத்திரத்தை டங்கு டங்கென்று போட்டுக் கழுவுவேன். ஒரு ஞாயிறு அவர் 'வெச்சிடட்டா' என்று சொன்னதும் என்னையறியாமல் கேட்டேன்: "அந்த ஊரு எப்படிங்க இருக்குது?"

தொண்டையைச் செருமினார். நீளமாகப் பேசப் போகிறார் என்று எனக்குத் தெரியும். சேன்-நசேர், லுவார் என்கிற பெரிய ஆறு கடலில் போய் விழுகிற இடம். நம்ம தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நிற்கிற அழகைப் பார்த்துவிட்டு இதை ஆறு என்றே நம்ப முடியவில்லை, அக்கரை மங்கலாகத்தான் தெரிகிறது என்றார். இரண்டாம் உலகப் போரில் குண்டு போட்டு ஊரையே தரைமட்டமாக்கிவிட்டார்கள். எதைக் குறிவைத்துப் போட்டார்களோ, அந்த நீர்மூழ்கிக் கப்பல் கொட்டடி மட்டும் அசையாமல் நிற்கிறது. ஊர் மொத்தமும் அப்புறம் கட்டியது.

"அட பாவமே, ஊரு போயி கொட்டாயி நின்னுச்சா!" என்றார் மாமியார்.

இருபது நிமிடம் பேசினார். இருபது நிமிடம்! அன்று ராகி களிகூட எனக்கு இனித்தது.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டேன். "அடுத்த வாரம் எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டுவிடுவேன். அவரும் சனிக்கிழமை லீவில் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சொல்வார். ஆற்றோடு மேலே போனால் நான்த். சேன்-நசேருக்கு அது, ஓசூருக்கு பெங்களூர் மாதிரி. வேலை இங்கே, பகட்டு அங்கே. ஆற்றின் கிளைகளுக்கு நடுவே தீவு தீவாக இருந்த ஊராம். பிறகு கிளைகளை மண்ணடித்துத் தூர்த்து ரோடு போட்டுவிட்டார்கள். தீவு என்ற பெயர் மட்டும் இருக்கிறது, தண்ணீர் இல்லை. ஏரியைத் தூர்த்து பஸ் ஸ்டாண்டு கட்ட நம்மாட்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். அந்த ஊரிலிருந்து கப்பல்கள் போய் ஆப்பிரிக்க மனிதர்களை அள்ளிக்கொண்டு விற்றதையும் சொன்னார். ஆற்றங்கரையில் அதற்கு ஒரு நினைவிடம் வைத்திருக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது.

நான்த், பிரிட்டனி என்ற தனி நாட்டின் தலைநகராக இருந்தது. அந்த நாட்டுக்கு வாரிசு ஒரே ஒரு பெண். நிலம் வேண்டும் என்று பிரான்ஸ் ராஜா அவளைக் கட்டிக்கொண்டார். அவர் செத்ததும் அடுத்த ராஜா கட்டிக்கொண்டார்.

"பொண்ணக் கட்டுனானுங்களா, பட்டாவக் கட்டுனானுங்களா?" என்று மாமியார் கொதித்தார். இப்போது அந்த நான்த் பிரிட்டனிக் கணக்கிலேயே இல்லை, வேறு பிராந்தியத்தில் சேர்த்துவிட்டார்கள், ஊர்க்காரர்களில் பாதிப் பேர் இன்னும் அதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்றார் என் வீட்டுக்காரர். எங்களுக்கு இது புரியாதா? எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர் தெலுங்கு, பூக்காரம்மா தளியிலிருந்து கன்னடம் பேசிக்கொண்டு வருகிறவர், அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம். கோடு போட்டவன் ஒருத்தன், குடியிருப்பவன் ஒருத்தன்.

கெராந்த் என்ற மதில் சூழ்ந்த ஊரின் உப்பளங்கள், ஆஞ்ஜேயின் கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கோட்டைக் கோபுரங்கள் என்று வாரா வாரம் ஒன்று. டீ நேரத்தில் போனில் வரைபடத்தைத் திறந்து அவர் போன தடத்தை விரலால் தேய்த்துப் பார்ப்பேன். உண்மையைச் சொல்கிறேன், எந்த ராஜா ஆண்டால் எனக்கென்ன? எனக்கு வேண்டியது அந்தக் குரல். பேசும்போது நடுவில் மூச்சு வாங்குவாரே, அது வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சட்டையின் இரும்பு வாசனையை முகர வேண்டும். அதைச் சொல்ல வழியில்லாமல் கோட்டையையும் ஆற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் முடிய ஒரு மாதம் இருந்தது. சமையல் கட்டில் தொங்கிய காலண்டரில் நாளைக் கிழிக்கும்போதே எனக்குக் கை பரபரக்கும். அந்த ஞாயிறு அவர் சொன்னார்: "இன்னும் ஒரு வருசம் நீட்டிக்கறியான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

கொழுந்தன், "வுடாதண்ணா" என்றான். மாமியார், "உன் இஷ்டம்பா, நாங்க குறுக்க நிக்க மாட்டோம்" என்றார். "நீ என்ன சொல்ற?" என்று அவர் என்னைக் கேட்டார்.

எல்லாக் கண்ணும் என் வாயில். 'வந்துடுங்க' என்பது நாக்கு நுனியில் இருந்தது. மாமியார் முகத்தைப் பார்த்தேன். போனை வைத்துவிடுவாரோ என்ற பழைய பதற்றத்தில் பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

"லா ரோஷெல் இன்னும் பாக்கலயே நீங்க," என்றேன்.

தெற்கே இருக்கிற துறைமுகம் அது. ராஜா முற்றுகை போட்டபோது, கடலுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி உதவிக் கப்பல்களை உள்ளே வரவிடாமல் தடுத்தார்களாம். ஊர் மக்கள் கப்பல் வரும் வரும் என்று பார்த்துப் பட்டினியில் செத்தார்களாம். கூட வேலை செய்கிறவன் சொன்னதாக என் வீட்டுக்காரர் முன்பே சொல்லியிருந்தார்.

"ஆமா, பாக்கல," என்றார். "சரி, வெச்சிடட்டா?"

அன்று பாத்திரத்தை டங்கு டங்கென்று போடவில்லை. அதற்கும் தெம்பில்லை. திங்கட்கிழமை முழுக்க ஒயர் நிறத்தை மாற்றி மாற்றிச் சொருகினேன். செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் முடிந்து மதியம் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல், கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்று போன் போட்டேன். அங்கே அப்போது காலை, அவருக்கு டீ நேரம். அவர் போன பிறகு முதல்முறையாக ஸ்பீக்கர் இல்லாமல், யாரும் இல்லாமல்.

"என்னாச்சு? அம்மாவுக்கு என்ன?" என்று பதறினார்.

"அம்மா நல்லா இருக்காங்க. நான்தான் நல்லா இல்ல."

"உடம்புக்கா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லங்க. நீங்க வந்துடுங்க. காரியம் கெட்டாலும் பரவால்ல, வந்துடுங்க. என்னால முடியல."

சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"நேத்துதான் கையெழுத்து போட்டேன்," என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படிப் போட்டீங்க?"

"கேட்டேனே. லா ரோஷெல் பாக்கலன்னு நீதான சொன்ன. இவளுக்கு இதுல எல்லாம் இவ்வளவு ஆசை, ஊருக்கு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பாத்து வெச்சிடலாம்னு நெனச்சேன்."

"எனக்கென்ன ஆசை? ஊரப் பத்திக் கேட்டா நீங்க போன வெக்க மாட்டீங்க. அதுக்குத்தான் கேட்டேன்!"

அவர் சிரிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு இல்லை அது.

"சனிக்கிழமை ஆனா எந்திரிக்கவே முடியாது. முட்டி விட்டுப்போயிடும். படுத்துத் தூங்கணும்போல இருக்கும். நீ நாளைக்குக் கேப்பியே, சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னா பேச்சு முடிஞ்சிடுமேன்னு ரயில் ஏறுவேன். ஒரு ஊரும் எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. அங்க இருக்கற போர்டைப் போட்டோ எடுத்து, இங்கிலீஷ்ல மாத்தி, உனக்குச் சொல்ல மனப்பாடம் பண்ணுவேன். எப்ப வருவீங்கன்னு நீ ஒருநாளாவது கேப்பியான்னு பாத்தேன்."

அங்கே சைரன் ஊதியது. வேலைக்குத் திரும்ப வேண்டும். இந்தமுறை 'வெச்சிடட்டா' என்று அவர் கேட்கவில்லை. நானும் எந்த ஊரையும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் மூச்சு விடுவது கேட்டது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

"வர்றேன்," என்றார் என்னிடம். "வருசம் முடிஞ்சதும் வந்துடறேன்."

அந்த நீட்டித்த வருடத்தில் இன்றைக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கிறது.