பசை இல்லாத வீடு

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் வனஜாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் "பொம்மைக்காரம்மா வீடு எது?" என்று கேட்டால் போதும், பெட்டியைக் கீழே வைக்காமல் தாடையாலேயே வழி காட்டுவார். அந்தப் பெயர் வனஜாவின் காதுக்கும் எட்டியிருக்கிறது. முதலில் கோபப்பட்டாள். அப்புறம், "பொம்மை இல்லீங்க, கட்டடம்" என்று திருத்திப் பார்த்தாள். திருந்துவதற்கு யாரும் தயாராக இல்லை. நாற்பத்து நாலு வயதில், ஒரு மென்பொருள் கம்பெனியின் டெஸ்டிங் டீமையே மேய்க்கிற பெண், ஊரார் வைக்கிற பெயருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் விடிந்த மாதிரிதான்.

பொம்மை என்று அவர்கள் சொன்னது பிளாஸ்டிக் கட்டைகளை. மேலே குமிழ், கீழே குழி; ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் 'டக்'கென்று கவ்விக்கொள்ளுமே, அதுதான். ஆபீசில் ஒருநாள், எல்லாரும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று யாரோ பெரிய மனிதர் முடிவு பண்ணி, டீமுக்கு ஒரு வாளிக் கட்டையைக் கொடுத்துப் பாலம் கட்டச் சொன்னார். ஒற்றுமை வந்ததா என்று தெரியாது. வனஜாவுக்குப் பைத்தியம் பிடித்தது. அந்த வாரமே மல்லேஸ்வரத்துக் கடைக்குப் போய் ஒரு பெட்டி எடுத்தாள். கடைப்பையன், "குழந்தைக்கு எத்தனை வயசு மேடம்?" என்று கேட்டான். "முப்பத்தெட்டு" என்றாள். பில் போட்டு முடிக்கும்வரை அவன் தலையே நிமிரவில்லை.

ஒரு மாதத்தில் சலித்துவிடும் என்று வீட்டில் நினைத்தார்கள். ஆறு வருஷமாகியும் சலிக்கவில்லை. மகள் பிரபா கோயம்புத்தூரில் படிக்கப் போனதும் அவளுடைய அறையே கட்டை அறையாகிவிட்டது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள்.

வனஜாவின் கணவர் கணேசமூர்த்தி குடியாத்தத்துக்காரர். அடுக்குமாடிக் கட்டடங்களுக்குக் குழாய் வேலை எடுத்துச் செய்கிறார். தங்கமான மனுஷன், ஆனால் கை சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்டாட்டிக்கு ஒத்தாசை பண்ணுகிறேன் பேர்வழி என்று, அவ்வளவு கட்டைகளையும் நிறம் நிறமாகப் பிரித்து வைத்தார். கறுப்புக் குவியலுக்குள் ஒரு பொடிக் கறுப்புத் துண்டைத் தேடிப் பாருங்கள், தெரியும் சேதி. கட்டைக்காரர்கள் வடிவம் வடிவமாகத்தான் பிரிப்பார்கள். வனஜா காபி போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி மாற்றினாள்.

குழாய்க்காரருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. "ஒட்டாத ஜாயின்ட் ஜாயின்ட்டே இல்ல" என்பார். செருப்பு, வாளி, மூக்குக் கண்ணாடி, எது பிய்ந்தாலும் குழாய் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவோடு வந்து நின்றுவிடுவார். சிலரைப் பசையுள்ள ஆள் என்று காசை வைத்துச் சொல்வோம். இவர் நிஜமாகவே பசையுள்ள ஆள்.

வனஜா சேர்ந்திருந்த கட்டைக்காரர்கள் சங்கத்திலோ பசை என்கிற பேச்சுக்கே இடமில்லை. ஒட்டக்கூடாது, வெட்டக்கூடாது, சாயம் பூசக்கூடாது. கவ்விப் பிடிக்கிற பிடியிலேயே நிற்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் பிரிக்க முடிய வேண்டும். இன்ஜினியர், பல் டாக்டர், பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று பலதரப்பட்ட ஆட்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒரே பிடிவாதம்.

அந்தச் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை கண்காட்சி வைக்கும். வனஜாவுக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் ஓரத்து மேஜைதான். இந்த வருஷம் சங்கத் தலைவன் ஸ்ரீஹர்ஷா அவள் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, நடு மேஜை உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டான். போனை வைத்துவிட்டு வனஜா சமையலறையில் தனியாக ஒரு ஆட்டம் போட்டாள். குக்கர் விசிலடித்தது, அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

அவள் கட்டியது ரிச்சர்ட்ஸ் டவுனில் நிற்கிற ஒரு பழைய பங்களா. சங்கத்து மூத்த ஆள் டொமினிக்கின் வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்தது. வாசல் முகப்பிலும் ஜன்னல்களுக்கு மேலும் கூரான குல்லாய்போல மரச்சட்டப் பின்னல் இருக்கும். பெங்களூர்க்காரர்கள் அதை 'மங்கி டாப்' என்பார்கள். குரங்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கேட்டுக்கு வெளியே நின்று அவள் போட்டோவாக எடுத்துத் தள்ளியதைப் பார்த்த வாட்ச்மேன், "என்ன மேடம், வாங்கப் போறீங்களா?" என்றார். "இல்லண்ணா, கட்டப் போறேன்."

கட்டினாள். சுவர், ஓட்டுக் கூரை, தூண் எல்லாம் வந்துவிட்டது. வாசல் மங்கி டாப்தான் உயிரை வாங்கியது. பொடிப் பொடியான பச்சை வேலித் துண்டுகளைச் சாய்வாகக் கோத்து, ஒன்றின் நுனியை இன்னொன்று தாங்கும்படி நிறுத்த வேண்டும். நின்றது, ஆனால் மூச்சு விட்டால் விழும். சங்கத்துக் கூட்டத்துக்கு ஒருதரம் ஆட்டோவில் எடுத்துப் போனபோது, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பள்ளம், அவ்வளவுதான், முகப்பு மொத்தமும் மடியில் கொட்டியது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லும்போது வனஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்கப்புறம் கோப்பு முறையை மாற்றி, மாற்றியதை மறுபடி மாற்றி, ஒருவழியாக நிற்க வைத்தாள். அதில் அவளுக்கு அப்படியொரு கர்வம். வேறு யாரும் பெங்களூரில் இப்படி நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று டொமினிக்கே சொல்லிவிட்டார்; அவர் சும்மா புகழ்கிற ஆள் இல்லை.

கண்காட்சி ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே ஒரு சர்ச் ஹாலில். முந்தின நாள் சாயந்திரம் மேஜைக்குத் துணி விரிக்க வனஜா அங்கே போயிருந்தாள். வீடு மூன்று அட்டைப் பெட்டிகளில் ஒக்கலிபுரத்தில் தயாராக இருந்தது. பெட்டிகளுக்குத் துணை கணேசமூர்த்தி.

மறுநாள் காலை அவருடைய சரக்கு ஆட்டோவில் ஏற்றினார்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் வனஜா பெட்டியைக் கட்டிக்கொண்டாள். அவரோ ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினார். "பயப்படாத வனஜா, ஒண்ணும் ஆவாது. நானு கேரண்டி." இவருக்கு எங்கிருந்து இவ்வளவு தைரியம் வந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஹாலில் வீட்டைப் பொருத்தி முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் முகப்பைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். கட்டைக்காரர்கள் எல்லாரும் கடைசியாக அதைச் செய்வார்கள். லேசாக இளகியது 'டக்'கென்று உட்காரும். சத்தமே வரவில்லை. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. குனிந்து மோந்து பார்த்தாள். அந்த வாடையோடுதானே இருபது வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறாள்!

நிமிர்ந்தாள். எதிரே கணேசமூர்த்தி, வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"எப்டி? இனிமே லாரி மோதினாக்கூட விழாது."

வாயைத் திறந்தால் ஹாலே கேட்கும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த சொல்யூஷன் சும்மா ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்கையே உருக்கி ஒன்றாக்கிவிடும். இனி அது கட்டைகள் இல்லை, ஒரே கட்டி.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீஹர்ஷா வந்தான். முகப்பைத் தொட்டு ஆட்டிப் பார்த்தவன் அசந்துபோனான். "மேடம், சூப்பராகிதே! எப்படி இவ்ளோ டைட்டா நிக்குது? டெக்னிக் சொல்லிக் குடுங்க மேடம்."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்தது கதை. அந்த ஒரு கணம் வனஜாவுக்கும் சபலம் தட்டத்தான் செய்தது. நடு மேஜை, பெயர்ப் பலகை, இன்னும் கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துவிடுவார்கள். பச்சை வேலித் துண்டு இருப்பதெல்லாம் ஒக்கலிபுரத்தில்; சனிக்கிழமை டிராபிக்கில் போய் வருவதற்குள் கண்காட்சியே முடிந்துவிடும்.

"டெக்னிக் ஒண்ணும் இல்ல ஹர்ஷா. இது ஒட்டினது" என்றாள்.

அவன் முகம் ஒருமாதிரி ஆனது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பிடி மேடம். யாரிகெ கொத்தாகுத்தெ?"

விட்டுத்தள்ளுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்கிறான். கன்னடத்தில் 'பிடி' என்றால் விட்டுவிடு என்று அர்த்தம். வனஜா தமிழ்க்காரி. பிடித்தாள்.

"யாருக்குத் தெரியும்னா? எனக்குத் தெரியுதில்ல? நான் ஒரு ஆளாத் தெரியலையா உனக்கு?"

சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் முகப்பைப் பற்றி ஒரு நெம்பு நெம்பினாள். படக்கென்று, இரண்டு தூணையும் சேர்த்துக்கொண்டு, பிய்ந்து வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கணேசமூர்த்தியின் பல் எல்லாம் உள்ளே போய்விட்டது.

"நீ அழுதியே வனஜா, அன்னிக்கு. பாத்து மனசு கேக்கல. அதான்…"

"அழுதா அழுதுட்டுப் போறேங்க! விழுந்தா திரும்பக் கட்டிக்குவேன். இப்ப நான் திரும்பக் கட்டவே முடியாதபடி பண்ணிட்டீங்களே!"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. குழாய் விழக்கூடாது, இது விழலாம். பிய்ந்த கட்டியைக் கையில் வாங்கி, புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பாவம் பார்க்க வனஜாவுக்கு நேரமில்லை.

"வேலித் துண்டும் ரெண்டு தூணும் யார்கிட்டயாவது இருக்கா? எந்தக் கலரா இருந்தாலும் பரவால்ல!" என்று ஹாலுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

முதலில் எழுந்தவர் டொமினிக். அவருடைய மேஜையில் ஒரு கப்பல், அவர் ஒரு வருஷமாகக் கட்டியது. மேல்தளத்தின் பச்சைக் கைப்பிடி வேலியை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

"அங்கிள், கப்பல எதுக்கு அங்கிள்…"

"சும்மா இரும்மா. ரெயிலிங் இல்லாம ஷிப் முழுகியா போகும்? நீ கட்டு."

அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பல் டாக்டர் தன் பூங்காவிலிருந்து வெள்ளை வேலியைப் பிடுங்கினார். யாரோ வேலியும் தூணுமாக உருவி, தங்கள் மாட்டுக் கொட்டகையைத் திறந்துவிட்டார்கள். ஸ்ரீஹர்ஷா தன் ரயில்வே ஸ்டேஷனின் நடைமேடை வேலியை, மஞ்சளும் சாம்பலுமாக, கை நிறையக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, "சாரி மேடம்" என்றான். இந்தச் சங்கத்தில் அப்படித்தான். கட்டுகிறவள் கேட்டுவிட்டால், நிற்கிற கட்டடத்திலிருந்து பிடுங்கியாவது கொடுத்துவிடுவார்கள்.

கணேசமூர்த்தி தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டார். "கலர் கலரா பிரிக்கட்டா?"

"இல்லீங்க. ஷேப் ஷேப்பா."

பிரித்தார். பதினைந்தாயிரம் லிட்டர் தொட்டிக்கு லைன் கொடுக்கிற விரல்கள், நகத்தளவு துண்டுகளை ஜோடி பார்த்து எடுத்துக் கொடுத்தன. கதவு திறந்தது. கூட்டம் உள்ளே வந்தது. நடு மேஜையில் வாசல் இல்லாத ஒரு பங்களாவும் அதற்குப் பின்னால் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கோத்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணும். மற்ற மேஜைகளை விட்டுவிட்டு எல்லாரும் அங்கேதான் வந்து நின்றார்கள். வனஜா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருமுறை சரிந்தது. ஐயோ என்றார்கள். மறுபடி கோத்தாள். கடைசித் துண்டு உட்கார்ந்து, அவள் கையை எடுத்தும் முகப்பு நின்றபோது, யாரோ தட்ட ஆரம்பித்து ஹாலே கை தட்டியது.

பச்சை பாதி, வெள்ளை கொஞ்சம், மஞ்சள், சாம்பல் என்று முகப்பு கலந்துகட்டி இருந்தது. ஆனால் நின்றது. தன் பிடியில், தானாக நின்றது. வனஜா இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். மனசு நிறைந்து போயிற்று. நான் கட்டினது, என்னால்தான் முடியும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். யார் கேட்டாலும் கேட்கட்டும்.

மத்தியானம் ஒரு அம்மா வந்தார். அந்த நிஜப் பங்களா இருக்கிற தெருக்காரர், மீனும் கீரையும் வைத்த பையோடு மார்க்கெட்டிலிருந்து நேரே வந்திருந்தார். "ஏய், இது நம்ம எதிர் வீடு இல்ல?" என்று சந்தோஷத்தில் கையை நீட்டினார். பை இடித்தது. முகப்பு மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்து மேஜையெல்லாம் சிதறியது.

அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ சாமி, உடைச்சிட்டேனே…"

அதற்குள் கணேசமூர்த்தி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உதிர்ந்ததில் ஒரு பிடியை அள்ளி உயரத் தூக்கி, கூட்டத்துக்குக் காட்டினார். "பாத்தீங்களா? தனித்தனியா வந்துச்சு பாருங்க! ஒரு சொட்டு பசை கெடையாது! எங்க வீட்டம்மா கட்டினது!"

வனஜா சிரித்துவிட்டாள். அந்த அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கம்மா, ஒண்ணும் ஆகல. வேணும்னா கூரையையும் பிரிச்சுப் பாருங்க. திரும்பக் கட்ட நான் இருக்கேன்."